பாட்டன் பாட்டும் பேரப்பிள்ளைகளின் திரையும்: ஆஸ்திரேலியப் பூர்வகுடி அனிமேஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலியப் பூர்வகுடிச் சமூகங்கள் தங்கள் முன்னோர் கதைகளை அனிமேஷனாகவும் டிஜிட்டல் ஓவியமாகவும் செய்துவருகின்றன. அந்த வேலையில் சேரப்போகும் அனிமேட்டர்கள், ஒலிப்பதிவாளர்கள், வகுப்பில் காட்ட விரும்பும் ஆசிரியர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

இப்படிப்பட்ட வேலை எங்கெங்கே நடந்திருக்கிறது?

முதலில் பார்க்க வேண்டியது யன்யுவா மக்களின் வேலையை. ஆஸ்திரேலியாவின் வட ஆட்சிப்புலத்தில் (நார்தர்ன் டெரிட்டரி), கார்பென்டேரியா வளைகுடாவை ஒட்டி, மெக்ஆர்தர் ஆற்றங்கரையில் பொர்ரலூலா என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே வாழும் யன்யுவா மூத்தோர், மானிடவியலர் ஜான் பிராட்லியோடும் மொனாஷ் பல்கலைக்கழக அனிமேட்டர்களோடும் சேர்ந்து தங்கள் பாட்டுகளை முப்பரிமாண அனிமேஷனாக்கினார்கள். அந்த அனுபவத்திலிருந்து 2011-இல் மொனாஷில் ஒரு திட்டம் பிறந்தது. இன்று அதன் பெயர் 'வுனுங்கு அவரா'. யன்யுவா மொழியில் 'வுனுங்கு' என்றால் வலிமையான, நலமான. 'அவரா' என்றால் மண், இடம். பிற மொழிச் சமூகங்களும் பிறகு இதே வழியில் படங்கள் செய்தன.

அதற்கு முன்பே 2007-இல், அதே ஆட்சிப்புலத்தின் வுகுலார் என்ற ஊரின் கதைகளை வைத்து, ஆஸ்திரேலியாவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஏபிசி 'டஸ்ட் எக்கோஸ்' என்ற 12 குறும்படங்களை வெளியிட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ரோபோர்னில் பிக் ஹார்ட் என்ற கலை அமைப்போடு சேர்ந்த சிறுவர் சிறுமியர் 'நியோமேட்' என்ற டிஜிட்டல் படக்கதையை உருவாக்கினார்கள். கோட்டோவியத்தைத் தொழில்முறை ஓவியர் வரைய, அவர்கள் ஃபோட்டோஷாப் கற்று வண்ணம் தீட்டினார்கள். அது புனிதக் கதையைத் திரும்பச் சொல்வதில்லை. தங்கள் மண்ணில் நடக்கும் எதிர்காலக் கதை. மூத்தோரின் அனுமதி கிடைக்கத் தாமதமாகும் இடங்களில் இளையோரோடு வேலையைத் தொடங்க நல்ல வழி அது.

2017-இல் கான்பெராவின் தேசிய அருங்காட்சியகம் வைத்த ஏழு சகோதரிகள் கண்காட்சியில், வாலின்யா குகையின் பாறை ஓவியங்களைக் கவிகை வடிவத் திரையில் காட்டினார்கள். பார்வையாளர் படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கலாம். அந்தச் சகோதரிகள் வேறு யாருமல்லர், நாம் கார்த்திகைப் பெண்கள் என்று சொல்லும் அதே விண்மீன் கூட்டம்.

'ட்ரீம்டைம்' என்பதைக் 'கனவுக் காலம்' என்று தமிழில் எழுதலாமா?

வேண்டாம். பூர்வகுடிகளின் முன்னோர் கதைகளுக்கு ஆங்கிலத்தில் வைத்த அந்தச் சொல்லே கோணலான மொழிபெயர்ப்பு. வார்ல்பிரி மொழியில் ஜுகுர்பா, பிட்ஜன்ட்ஜாராவில் ட்ஜுகுர்பா, யன்யுவாவில் யிஜன் என்று ஒவ்வொரு மொழிக்கும் தனிச்சொல் இருக்கிறது. முன்னோர், அவர்கள் நடந்து உருவாக்கிய நிலம், அந்த நிலத்தில் வாழும் முறைமை எல்லாம் சேர்ந்த சொல் அது. முடிந்துபோன காலத்தைக் குறிப்பதில்லை, இன்றும் நடப்பில் இருப்பது. எந்தச் சமூகத்தின் கதையோ அந்தச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதி, ஒருமுறை விளக்கிவிட்டால் போதும்.

கதையைச் சொன்ன பெரியவர் சம்மதித்துவிட்டார். வேலையைத் தொடங்கலாமா?

இல்லை. தவறு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. கதை தெரிந்தவர் வேறு, கதைக்கு உரியவர் வேறு. யன்யுவாவில் ஒரு நிலத்துக்கும் அதன் பாட்டுக்கும் தந்தை வழியில் உரியவர்கள் ஙிமரிங்கி. அதே நிலத்தைத் தாய் வழியில் பெற்றவர்கள் ஜுங்கய். பாட்டு சரியாகப் பாடப்படுகிறதா, சடங்கு முறையாக நடக்கிறதா என்று பார்ப்பதும், தவறினால் நிறுத்துவதும் ஜுங்கயின் பொறுப்பு. இரு தரப்பும் உட்காராத கூட்டத்தில் கிடைத்த சம்மதம் பாதிச் சம்மதம். வார்ல்பிரி மக்களிடம் இதே இரட்டைப் பொறுப்பு கிர்டா, குர்டுங்குர்லு என்ற பெயர்களில் இருக்கிறது.

ஒரு முன்னோர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்திருப்பார். வழியில் மொழிகள் மாறும், உரியவர்கள் மாறுவார்கள். ஆகவே கதையின் எந்தத் துண்டைப் படமாக்குகிறோம், அந்தத் துண்டுக்கு யார் பொறுப்பு என்று வரைபடத்தை விரித்துவைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லைக்கு அப்பால் ஒரு நீர்நிலையைக் காட்டினால்கூட அடுத்தவரைக் கேட்க வேண்டும்.

ஆண்கள் மட்டும், பெண்கள் மட்டும், சடங்கு முடித்தவர்கள் மட்டும் கேட்கக்கூடிய பகுதிகளும் உண்டு. அவை என்ன என்று நீங்கள் தோண்டிக் கேட்கக் கூடாது. 'எல்லோரும் கேட்கலாம்' என்று அவர்கள் தரும் வடிவமே உங்கள் மூலக்கதை. அதில் இடைவெளி தெரிந்தால் இடைவெளியாகவே விடுங்கள். கற்பனையால் நிரப்பி, அது தற்செயலாக மறைபொருளைத் தொட்டுவிட்டால், படம் முழுவதையும் விலக்க வேண்டிவரும்.

வேலையை எந்த வரிசையில் செய்வது?

ஒலிதான் முதலில். வழக்கமான ஸ்டூடியோவில் திரைக்கதை, ஸ்டோரிபோர்டு (காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரைந்தது), பிறகு குரல் என்று போவார்கள். இங்கே பாட்டும் சொல்லும்தான் திரைக்கதை.

யன்யுவாவில் 'குஜிகா' என்ற பாடல் தொடரின் ஒவ்வொரு செய்யுளும் ஓர் இடத்தைப் பாடுகிறது. பாடல் பெற்ற தலங்களை அறிந்த நமக்கு இது எளிதில் பிடிபடும். ஆனால் இங்கே செய்யுள் வரிசை என்பது முன்னோர் நடந்த வழி. புலிச்சுறா முன்னோர், பனைபோலத் தோன்றும் சைகஸ் மரத்தின் உணவைச் சுமந்துகொண்டு மனன்குர்ரா என்ற இடத்துக்கு வரும் வழி, பாட்டின் வரிசையிலேயே இருக்கிறது. இரண்டு செய்யுளை நீளம் கருதி வெட்டினால் இரண்டு இடங்கள் நிலத்திலிருந்து போய்விடும். முன்பின்னாக மாற்றினால் முன்னோர் பின்னோக்கி நடப்பார். எனவே நேரத்தைக் குறைக்க வேண்டுமானால் எந்தத் துண்டோடு நிறுத்துவது என்று பாடுபவர்களே முடிவு செய்யட்டும். எடிட்டர் அதில் கைவைக்கக் கூடாது. தாளத்துக்குப் பொருத்தப் பாட்டை இழுப்பதும், சுருதியை மாற்றுவதும், ஒரு வரியை லூப் போடுவதும் கூடவே கூடாது.

ஒலிப்பதிவுக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் ஃபைல் போதும். மோனோவில் ஒரு மணி நேரம் சுமார் 520 எம்பி வரும். பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். தாளக்கோல்கள் மோதும் ஒலி பேச்சைவிடப் பலமடங்கு கூர்மையானது; பேச்சுக்கு வைத்த அளவிலேயே விட்டால் ஒவ்வொரு அடியும் கிழிந்துபோகும். அதைப் பிறகு சரிசெய்ய முடியாது. கோல் தட்டும்போது மைக்கை ஒரு மீட்டராவது தள்ளிவைத்து, அளவைக் குறைத்து, தனி டிராக்கில் பதியுங்கள். மைக்குக்கு ரோமக் காற்றுத்தடுப்பு அவசியம். ஃப்ரிட்ஜ், ஏசி, ஜெனரேட்டர் நிறுத்திய பிறகு ஒரு நிமிடம் வெறும் இடத்தின் ஒலியைத் தனியே பதிந்துவையுங்கள். எடிட்டிங்கில் ஒட்டுப்போட அதுதான் உதவும்.

அடுத்தது, பதிவை அவர்கள் மொழியிலேயே எழுத்தாக்கி, வரிக்கு வரி நேரம் குறிப்பது. எலான் என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. இந்த எழுத்துப்படியை அவ்வூர் மொழிப் பணியாளர் சரிபார்த்த பிறகே ஸ்டோரிபோர்டு.

பிறகு அந்த இடத்துக்கே போய் நிழற்படம் எடுங்கள். மண்ணின் நிறம், மரப்பட்டை, அலை, சேறு எல்லாவற்றையும். செயற்கைக்கோள் படம் நில அமைப்புக்கு உதவும். நிறத்துக்கு அதை நம்பாதீர்கள்.

ஒப்புதல் எத்தனை முறை வாங்க வேண்டும்?

குறைந்தது நான்கு முறை, அதுவும் நேரில்: ஏ3 தாளில் அச்சிட்ட ஸ்டோரிபோர்டு, உண்மைக் குரலோடு இணைத்த அனிமேட்டிக் (ஸ்டோரிபோர்டுப் படங்களை வரிசையாக ஓடவிடும் முன்வரைவு), நிறமும் உருவமும் முடிந்த ஒரு நிமிட மாதிரி, முழுப்படம். அனிமேட்டிக்கில் தற்காலிகக் குரல் போட்டுக்கொண்டு போவதால் பயனில்லை. பெரியவர்கள் காதால்தான் சரிபார்க்கிறார்கள்.

'சரியாக இருக்கிறதா?' என்று கேட்காதீர்கள். விருந்தாளி மனம் நோகாமல் இருக்க 'சரி' என்பார்கள், மௌனமாகவும் இருப்பார்கள். இரண்டும் சம்மதமாகாது. படத்தை ஓடவிட்டு, 'இங்கே என்ன நடக்கிறது?' என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் கதையும் திரையும் எங்கே பிரிகின்றனவோ அங்கேதான் தவறு. சிறுவர்களையும் சேர்த்து உட்காரவைத்துக் காட்டுவது இன்னும் நல்லது. பாட்டி பேத்திக்கு விளக்கும்போது நீங்கள் கேட்கத் தெரியாத கேள்விகளுக்கும் பதில் வந்துவிடும். இணையம் மெதுவாக இருக்கும். ஃபைலை யுஎஸ்பி-யில் எடுத்துப் போங்கள்.

வடபகுதியில் ஏறக்குறைய நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை, சாலைகள் மூழ்கும். நேரில் போகும் பயணங்களை மே முதல் அக்டோபருக்குள் வையுங்கள். ஊரில் ஒரு சாவு நேர்ந்தால் எல்லாம் நின்றுவிடும், வாரக்கணக்கில். அட்டவணையில் அதற்கு இடம் விடாத திட்டம் துக்க வீட்டை அவசரப்படுத்தும். அது மன்னிக்க முடியாதது.

திரையில் அதிகம் நேரும் பிழைகள் எவை?

முதலாவது திசை. பல பூர்வகுடி மொழிகளில் இடம், வலம் என்பதைவிட கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்குதான் பேச்சில் ஓடும். ஃப்ரேம் அழகாக அமையவில்லை என்று ஒரு ஷாட்டை இடவலமாகத் திருப்பினால், கிழக்கே போக வேண்டியவர் மேற்கே போகிறார், மலை ஆற்றின் மறுகரைக்கு வந்துவிடுகிறது. அனிமேட்டருக்குத் தெரியாது, ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். ஸ்டோரிபோர்டின் ஒவ்வொரு கட்டத்திலும் வடக்கைக் காட்டும் ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள். இந்தச் சிறு வேலை பல மாதத் திருத்தத்தைத் தவிர்க்கும்.

வானமும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவில் ஏழு சகோதரிகளை வடக்கு நோக்கி நின்று பார்க்கிறார்கள். கிழக்கு வலக்கைப் பக்கம். சகோதரிகள் வலமிருந்து இடமாகப் போவார்கள், கதையில் அவர்களைத் துரத்தும் ஆண் வலப்பக்கத்திலிருந்து பின்தொடர்வான். ஐரோப்பிய வான்படத்தை அப்படியே ஒட்டினால் எல்லாம் தலைகீழ்.

அடுத்தது, கடையில் வாங்கும் முப்பரிமாண மாடல். பாக் நீரிணை மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடற்பசுதான் யன்யுவா கடலிலும் வாழ்கிறது. அதன் வால் ஓங்கில் (டால்பின்) வால் போலப் பிளவுபட்டது. விற்பனைக்குக் கிடைப்பவற்றில் பல, வட்டத் துடுப்புபோன்ற வாலுள்ள மானட்டி. சைகஸுக்குப் பதில் தென்னையை வைப்பதும் நடக்கும். சைகஸ் விதை நஞ்சுள்ளது, பதப்படுத்தி நஞ்சு போக்கிய பிறகே உணவாகும். அந்த அறிவே கதையின் உயிராக இருக்கும்போது மரம் மாறினால் கதை செத்துப்போகிறது.

எல்லாப் படங்களிலும் புள்ளி ஓவியம் வைக்கலாமா?

புள்ளி பொது அலங்காரம் கிடையாது. பலருக்குத் தெரிந்த அந்தப் பாணி, 1971-இல் பாப்புன்யாவில் தொடங்கிய மேற்குப் பாலைவன ஓவிய இயக்கத்தின் வழி பரவியது. வடக்கே ஆர்னம் லேண்டில் மெல்லிய குறுக்குக்கோடுகளாலான 'ரார்க்' மரபு. பாறை ஓவியங்களில் வரும் வான்ஜினா உருவங்கள் வடமேற்கில் உள்ள கிம்பர்லியின் குறிப்பிட்ட மக்களுக்கு உரியவை. ஒன்றின் கதையில் மற்றதன் பாணியைப் பூசுவது, சிதம்பரத்துக் கதைக்கு வேறொரு மதத்தின் சின்னங்களைச் சூட்டுவதுபோல.

உரிய மரபே ஆனாலும் நுண்புள்ளிகளும் குறுக்குக்கோடுகளும் வீடியோ சுருக்கத்தில் கலங்கிப்போகும். கேமரா நகர்ந்தால் மினுமினுக்கும். 1080 வரித் திரையில் ஒரு புள்ளி 4 பிக்சலாவது இருக்கட்டும். கேமரா நகர்வைக் குறையுங்கள். இணையத்தில் ஏற்றும்போது 4கே அளவுக்குப் பெரிதாக்கி ஏற்றினால் அதிக பிட்ரேட் கிடைத்துக் கோடுகள் தப்பிக்கும்.

குறைந்த வசதியில் சமூகமே செய்யக்கூடிய முறை எது?

மணல். மத்திய ஆஸ்திரேலியப் பெண்கள் மணலில் வரைந்து, கதை சொல்லி, கையால் துடைத்து, அடுத்த காட்சியை வரையும் மரபு பழமையானது. மேலிருந்து பார்க்கும் கோணம், வரைவதும் அழிவதும் என்று அனிமேஷனின் இலக்கணம் அதற்குள்ளேயே இருக்கிறது. கோலம் போடப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கைவேகம் புரியும்.

கேமராவை முக்காலியின் குறுக்குக்கம்பியில் நேர்கீழாக மாட்டி, மறுமுனையில் மணல்மூட்டை கட்டுங்கள். ஃபோகஸ், வெளிச்ச அளவு, வொயிட் பேலன்ஸ் மூன்றையும் மேனுவலில் பூட்டுங்கள். ஆட்டோவில் விட்டால் படத்துக்குப் படம் நிறம் துடிக்கும். பேட்டரிக்குப் பதில் மின்னிணைப்பு அடாப்டர் வையுங்கள். பேட்டரி மாற்றக் கேமராவைத் தொட்டால் ஃப்ரேம் நகர்ந்துவிடும். நொடிக்கு 25 ஃப்ரேமில், ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃப்ரேமுக்கு வைத்தால் நொடிக்கு 12.5 படம். மூன்று நிமிடத்துக்கு 2,250 படம். ஒரு ரா ஃபைல் (கேமராவின் மூலப் பட ஃபைல்) 25 எம்பி என்றால் 56 ஜிபி; இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுங்கள். மணலைச் சலித்து லேசாக ஈரப்படுத்தினால் கோட்டின் விளிம்பு சரியாது. ஆனால் காயக் காய நிறம் வெளுக்கும். அதனால் ஒரு காட்சியை ஒரே அமர்வில் முடியுங்கள். வெயிலில் எடுத்தால் நிழல் நகர்வது திரையில் ஓட்டமாகத் தெரியும். மூடிய அறையில் நிலையான விளக்கு வைப்பதே நல்லது.

மொழி, சப்டைட்டில் பற்றி?

தமிழர்களுக்கு இங்கே ஒரு கொடுப்பினை உண்டு. பல ஆஸ்திரேலிய மொழிகளில் ந, ன, ண, ஞ, ங போன்ற மூக்கொலிகள் தனித்தனியே பொருள் மாற்றும். டகர, ளகரம் போன்ற நாமடி ஒலிகளும் உண்டு. அதனால் இரண்டுக்கும் உறவு என்று சொல்லிவிட முடியாது, ஒலிக்கூட்டம் ஒத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் ஆங்கிலக் காது தவறவிடும் வேறுபாட்டை நம் காது பிடிக்கும்.

வார்ல்பிரியும் யன்யுவாவும் ணகர ஒலியை 'ஆர்', 'என்' என்ற இரண்டு ரோமன் எழுத்துகளால் எழுதுகின்றன. அதை 'ர்ன்' என்று வாசித்துவிடாதீர்கள். பிட்ஜன்ட்ஜாராவில் எழுத்தின் அடியில் கோடு போட்டுக் காட்டுவார்கள். பல அலங்கார எழுத்துருக்களில் அந்தக் கோடிட்ட எழுத்தே இருக்காது, கட்டமாக மாறிவிடும். சில சமயம் சப்டைட்டில் பெட்டியின் விளிம்பு கோட்டை மறைத்துவிடும். கோடு போனால் சொல் மாறிவிடும். எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அந்த மொழியின் எல்லா எழுத்துகளையும் ஒரு வரியில் தட்டிச் சோதியுங்கள்.

யன்யுவாவில் ஆண்கள் பேசும் வடிவமும் பெண்கள் பேசும் வடிவமும் வேறு. ஓர் ஆண் சொன்ன உரையைப் பெண் குரலில் அப்படியே மறுபதிவு செய்ய முடியாது; உரையை மாற்றி எழுத வேண்டும்.

2020-இல் வெளியான தேசிய பூர்வகுடி மொழி அறிக்கையின்படி, இன்று பயன்பாட்டில் உள்ள மொழிகள் குறைந்தது 123. அவற்றில் 12 மட்டுமே வலுவாக இருக்கின்றன. ஆகவே ஆங்கிலப் பின்னணிக் குரலை முதன்மையாக்குவது படத்தின் நோக்கத்தையே கெடுக்கும். அவர்கள் மொழி காதில், ஆங்கிலம் கீழே எழுத்தில்.

குரல் கொடுத்தவர் இறந்துவிட்டால்?

பல சமூகங்களில் இறந்தவரின் பெயரைச் சொல்வதும், உருவத்தைக் காட்டுவதும், குரலைக் கேட்பதும் ஒரு காலம்வரை விலக்கப்படும். பெயருக்குப் பதிலாகக் குமன்ஜாயி, குன்மனாரா போன்ற சொற்கள் வரும். எவ்வளவு காலம் என்பதைக் குடும்பமே சொல்லும். படத்தின் தொடக்கத்தில் எச்சரிக்கை வரி போடுவது மட்டும் போதாது. பெயர்கள் தனி லேயரில், ஒவ்வொருவர் குரலும் தனி டிராக்கில், படம் எழுத்தில்லாத மாஸ்டராக (மூலப் பிரதியாக) இருக்க வேண்டும். அப்போதுதான் ஒரே நாளில் மாற்றுப் பிரதி தர முடியும். யாரைத் தொடர்புகொள்வது, யார் மறுபடி திறக்கச் சொல்வது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

உரிமையும் பணமும்?

ஆஸ்திரேலியப் பதிப்புரிமைச் சட்டம் தனி ஆசிரியரையும் படத் தயாரிப்பாளரையும் பார்க்கிறது. குலம் முழுவதற்கும் உரிய கதையை அதனால் சரியாகப் பிடிக்க முடிவதில்லை. பூர்வகுடி ஓவியங்களை அனுமதியின்றித் தரைவிரிப்பில் நெய்து விற்ற வழக்கில் 1994-இல் 1,88,000 டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தார்கள். 1998-இல் புலுன் புலுன் என்ற ஓவியரின் வழக்கில், அவர் தன் குலத்துக்கு நம்பிக்கைப் பொறுப்பு கொண்டவர் என்று நீதிமன்றம் ஏற்றது. குலத்துக்கே நேரடிப் பதிப்புரிமை கிடைக்கவில்லை. மீதியை ஒப்பந்தம்தான் காக்க வேண்டும். கதை, பாட்டு, உருவங்கள் சமூகத்துக்கே உரியவை. ஸ்டூடியோவுக்குக் குறிப்பிட்ட பயன்பாட்டுக்கு மட்டும் உரிமம். பொம்மை, சட்டை, விளம்பரம், தொடர்ச்சிப் படம் ஒவ்வொன்றுக்கும் புது அனுமதி. மாஸ்டர் ஃபைல் எல்லாம் சமூகத்துக்கு ஒரு முழுப் பிரதி.

பாடியவர், சொன்னவர், மொழிபெயர்த்தவர், ஒப்புதல் கூட்டத்தில் உட்கார்ந்தவர் என எல்லோருக்கும் அன்றன்றே ஊதியம் கொடுங்கள். ஜுங்கய் ஒருவர் இரண்டு மணி நேரம் பார்த்து 'இது தவறு' என்று ஒரு சொல் சொன்னால், அதுவே அன்றைய பெரிய வேலை.

எங்கே சேமிப்பது?

பொது கிளவுட் ஃபோல்டரில் கச்சாப் பதிவைப் போடாதீர்கள். யார் எதைப் பார்க்கலாம் என்ற வழக்கத்தையே அடிப்படையாக வைத்த காப்பகங்கள் உண்டு. பிட்ஜன்ட்ஜாரா மக்களின் 'ஆரா இரிட்டிட்ஜா' 1994-இல் தொடங்கியது. டெனன்ட் கிரீக்கின் வாருமுங்கு மக்களோடு சேர்ந்து உருவான 'முகுர்டு' மென்பொருள் இலவசம். ஆண், பெண், குடும்பம், துக்கம் என்று பார்வை விதிகளை ஒவ்வொரு ஃபைலுக்கும் வைக்கலாம்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியில் படம் உருவாக்கலாமா?

கூடாது. யாருடைய ஓவியத்தைத் தின்று அந்தப் படம் வந்தது என்று சொல்ல முடியாது. எந்தக் குலத்துக்கும் சொந்தமில்லாத போலிச் சின்னங்களை அது வரையும். தற்செயலாக மறைபொருளையும் வரையும். குரலைத் தானே எழுத்தாக்கும் இணையச் சேவைகளில் மூத்தோர் பதிவை ஏற்றுவதும் அதே தவறு. பதிவு கைவிட்டு வெளியே போகும் வழி அதுவே.

தமிழ்ப் பள்ளியில் காட்டலாமா? தமிழில் டப் செய்யலாமா?

சமூகமே பொதுவில் வெளியிட்டதைக் காட்டலாம். அலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து இயங்கும் பூர்வகுடிச் சமூகத் தொலைக்காட்சியான ஐசிடிவி-யின் இணையதளமும் வுனுங்கு அவரா தளமும் நல்ல தொடக்கம். காட்டும்போது எந்த மக்கள், எந்த மொழி, எந்த ஊர் என்று வரைபடத்தில் தொட்டுக் காட்டுங்கள். பிள்ளைகளைப் 'புள்ளி ஓவியம்' நகலெடுக்கச் சொல்லாமல், தங்கள் பாட்டியிடம் ஒரு கதையைக் கேட்டுப் பதிந்துவரச் சொல்லுங்கள்.

டப் வேண்டாம். தமிழ் சப்டைட்டில் வேண்டுமானால் படத்தை வெளியிட்டவர்கள் வழியாகச் சமூகத்திடம் கேளுங்கள். தமிழ் வரிகளோடு அவற்றின் ஆங்கில விளக்கத்தையும் சேர்த்து அனுப்பினால்தான் அவர்கள் சரிபார்க்க முடியும். பதில் வரச் சில மாதம் ஆகலாம், அதற்குள் வெளியிட்டுவிடாதீர்கள்.